பள்ளிக்கூடச் சந்தைக்குப் பலகாரம்: மளிகைக்காரர் சொல்லித்தர வேண்டிய கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி. கடையில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். வேலை முடிந்து வந்த ஒரு தாய்மார், "அண்ணாச்சி, திங்கக்கெழமை பிள்ளையோட ஸ்கூல்ல உணவுத் திருவிழாவாம். ஏதாவது பலகாரம் செஞ்சு கொண்டாந்து விக்கணும்னு மிஸ் சொல்லிட்டாங்க. செலவு ரொம்ப ஆகாம என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில், "என்ன சாமான் வேணும்னு சொல்லுங்கம்மா, போட்டுத் தர்றேன்" என்பதுதான். அவருக்கு என்ன சாமான் வேண்டும் என்பதே தெரியாது. தெரியாததால்தான் கேட்கிறார். பதில் கிடைக்காமல் அடுத்த தெரு பேக்கரிக்குப் போய் ஐம்பது பிஸ்கெட்டும் கேக்கும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அந்தப் பிள்ளை, வாங்கிய விலைக்கே விற்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறது. நம் கடையில் மூட்டையில் கடலையும், டின்னில் வெல்லமும் அப்படியே இருக்கின்றன.

பள்ளிகளில் சந்தை நாள், அலுவலகங்களில் ஆளுக்கொரு பலகாரம் கொண்டு வந்து பகிர்ந்து உண்பது, குடியிருப்புகளில் பொங்கல் விழா, மகளிர் குழுக்களின் விற்பனை மேசை என்று இப்போது ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடக்கிறது. புதிய வழக்கம் என்றும் சொல்ல முடியாது. ஆளுக்கொரு பிடி அரிசியும் பருப்பும் கொண்டு வந்து ஆக்கிய கூட்டாஞ்சோறு நம் ஊர்ப் பழக்கம்தானே! 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பிறகு, பள்ளிகளில் இத்தகைய உணவுத் திருவிழாக்கள் மேலும் பெருகின. இந்த வியாபாரம் மளிகைக் கடைக்கு உரியது. இதைப் பெறுவதற்கு நாம் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்று, எந்தப் பலகாரத்தைச் செய்யச் சொல்வது. மற்றொன்று, அதற்கு அடக்கவிலை போட்டுக் காட்டுவது. இரண்டாவதுதான் முக்கியம். சமையல் குறிப்பு யாரிடமும் கிடைக்கும். அடக்கக் கணக்கு வியாபாரியிடம்தான் கிடைக்கும்.

எதைச் செய்யச் சொல்வது?

குளிர்ப்பெட்டி இல்லாமல் இரண்டு நாளாவது கெடாமல் இருக்க வேண்டும். கையில் எடுத்துத் தின்னும்படி இருக்க வேண்டும். அடுப்படியில் பெரிய அனுபவம் இல்லாதவரும் ஒரே மாலையில் செய்து முடிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துபவை உருண்டை வகைகள். கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரி உருண்டை, பொட்டுக்கடலை மாலாடு, பாசிப்பருப்பு உருண்டை ஆகியவற்றுக்கு வேண்டிய எல்லாச் சாமானும் நம் கடையிலேயே இருக்கின்றன.

முறுக்கு, தட்டை போன்ற எண்ணெய்ப் பலகாரங்களைப் புதிதாகச் செய்பவருக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றால், அது தலைமுறையாகப் பிழிந்து பழகிய கைகளுக்குக் கிடைத்த பெருமை. முதல் முறை முறுக்குச் சுற்றுகிறவருக்கு மாவு உதிரும், எண்ணெய் குடிக்கும், வாணலியில் மிஞ்சும் எண்ணெய்க்கும் ஒரு கணக்கு வேண்டும். அதை மறுபடி மறுபடி காய்ச்சிப் பயன்படுத்துவது உடம்புக்கும் ஆகாது.

கடலை உருண்டை

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலும் இருப்பவை நிலக்கடலையும் வெல்லமும்தான். ஆக, இரண்டே சரக்கு. அந்த இரண்டும் தரமாக இருந்தால் பலகாரம் தானாக நன்றாக வரும். ஒன்று மட்டமாக இருந்தாலும் ஏலக்காய் போட்டு மறைக்க முடியாது.

முதலில் கடலைப் பருப்பு. மூட்டையின் அடியில் கிடந்த பழைய சரக்கைத் தள்ளிவிட இதுவே நேரம் என்று நினைக்கக் கூடாது. பழைய கடலையில் எண்ணெய் சிக்கு வாடை வரும், வறுத்தாலும் போகாது. சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடச் சொல்லுங்கள். கடலைப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுப்பது. சாதாரணமாக வறுப்பதால் அது அழிந்துவிடுவதில்லை. தின்னப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகள். எனவே இதற்கென்று கேட்பவருக்கு அந்த வாரம் வந்த சரக்கிலிருந்துதான் எடை போட வேண்டும்.

அடுத்தது வெல்லம். பளபளவென்று மஞ்சளாக இருப்பதுதான் நல்ல வெல்லம் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். அந்த நிறத்துக்காக ஆலையில் ஹைட்ராஸ் போடுகிறவர்கள் உண்டு என்பது நமக்குத் தெரியும். கொஞ்சம் கறுத்த, அரக்கு நிற வெல்லமே பாகுக்கு நல்லது என்று எடுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெல்லத்தை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கக் கூடாது. பரமத்தி வேலூர் பக்கத்துப் பிலிக்கல்பாளையம் சந்தைச் சரக்கு எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசங்கள் ஏலத்திலேயே பழகியிருக்கும். அந்த அறிவு கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவதுதான் குறை.

அளவு இது: பச்சைக் கடலைப் பருப்பு 1 கிலோ, வெல்லம் 600 கிராம், ஏலக்காய் ஐந்தாறு, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை, கையில் தொட்டுக்கொள்ள அரிசி மாவு. கடலையைச் சிறுதீயில் நிதானமாக வறுத்து, ஆறியதும் கையால் கசக்கி, முறத்தில் தோலைப் புடைத்து நீக்கினால் ஏறக்குறைய 900 கிராம் நிற்கும். வெல்லத்தை நுணுக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும்.

பாகுப் பதம் தெரியாததால்தான் பலருக்குக் கடலை உருண்டை காலை வாருகிறது. ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு, கொதிக்கும் பாகில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் கரைந்து போகும். பிறகு விரலால் திரட்ட வரும். ஆனால் மெத்தென்று இருக்கும். அது அதிரசப் பதம், இதற்குப் போதாது. இன்னும் சற்று நேரத்தில் திரண்ட பாகு கெட்டியாகி, எவர்சில்வர் தட்டில் போட்டால் "டங்" என்று சத்தம் கேட்கும். அந்தக் கணமே அடுப்பை அணைத்து, கடலையைக் கொட்டிக் கிளற வேண்டும். பதம் தவறினால் உருண்டை மறுநாள் இளகி ஒட்டிக்கொள்ளும். நேரம் கடந்தால் பாகு கருகிக் கசக்கும்.

சூட்டோடு உருட்டுவது பழகாதவருக்குக் கை பொறுக்காது. அவர்கள் நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டி, கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அழுத்திப் பரப்பி, சூடு ஆறுமுன் கத்தியால் கீறிவிடலாம். வில்லை வில்லையாக வரும். உருண்டையைவிட ஒரே அளவாக இருப்பதால் விற்பதற்கும் இதுவே வசதி. ஆறியதும் இறுக மூடும் டின்னில் போட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் தட்டில் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும்.

அடக்கவிலை போடுவது எப்படி?

இங்கேதான் வியாபாரியின் பென்சில் வேலை செய்ய வேண்டும். கீழே உள்ள விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கடலைப் பருப்பு 1 கிலோ 140 ரூபாய். வெல்லம் கிலோ 70 வீதம் 600 கிராம் 42 ரூபாய். ஏலக்காய், சுக்கு, அரிசி மாவு 8 ரூபாய். காஸ் 15 ரூபாய். இரண்டிரண்டாகப் போட்டுக் கொடுக்கக் காகித உறை 35. ஒன்று 1 ரூபாய் வீதம் 35 ரூபாய். ஆக மொத்தம் 240 ரூபாய்.

900 கிராம் கடலையும், வடிகட்டிக் காய்ச்சியது போக நிற்கும் வெல்லமும் சேர்ந்தால் 20 கிராம் எடையில் 70 உருண்டை தாராளமாக வரும். ஒன்றின் அடக்கம் 3 ரூபாய் 43 பைசா. ஒன்று 5 ரூபாய் வீதம், இரண்டு பத்து ரூபாய் என்று விற்றால் 350 ரூபாய். லாபம் 110.

ஆனால் எழுபதும் மேசைக்குப் போய்ச் சேராது! உடைந்தது, தாத்தாவுக்கு ஒன்று, தம்பிக்கு இரண்டு, டீச்சருக்கு ருசி பார்க்க ஒன்று என்று ஏழு குறைந்தால், விற்பனைக்கு 63தான். வரவு 315, லாபம் 75. நம் தொழிலில் சேதாரம் என்று எதைச் சொல்கிறோமோ, அது இதுதான். இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக லாப நட்டக் கணக்கு யார் சொல்லித் தர முடியும்?

சுண்டலில் அளவு செய்யும் வேலை

ஒரு நாள் விற்பனைக்குச் சுண்டல் நல்ல சரக்கு. பாகுப் பதம் தேவையில்லை. இனிப்பு வேண்டாம் என்கிற பள்ளியிலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் கடலை உருண்டையில் வராத ஒரு சங்கடம் இதில் உண்டு. உருண்டையை எண்ணி விற்கிறோம். சுண்டலைக் கரண்டியால் அள்ளி விற்கிறோம்.

கறுப்புக் கொண்டைக்கடலை 1 கிலோ ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் எடை ஏறும். தேங்காய்த் துருவலும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டே கால் கிலோ. கடலை 90, தேங்காய் ஒன்று 35, எண்ணெய், கடுகு, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலைக்கு 20, காஸ் 15 என்று வைத்தால் 160 ரூபாய். கொஞ்சம் தாராளமாக அள்ளிப் போட்டு 20 தொன்னையில் முடிந்துவிட்டால், தொன்னை ஒன்றரை ரூபாய் வீதம் 30 சேர்த்து அடக்கம் 190. பத்து ரூபாய்க்கு விற்றால் வரவு 200. நாள் முழுக்க நின்று பத்து ரூபாய் லாபம்!

அதே சுண்டலை 75 கிராம் பிடிக்கும் சின்னத் தொன்னையில் தலை தட்டிப் போட்டால் 30 தொன்னை. அடக்கம் 205, வரவு 300, லாபம் 95 ரூபாய். விலையை ஏற்றவில்லை, சரக்கைக் கெடுக்கவில்லை. தொன்னையின் அளவை மட்டும் பார்த்து எடுத்தோம். ஆகவே சுண்டல் கடலை வாங்குகிறவரிடம், "தொன்னை எந்த அளவும்மா?" என்று கேட்டு, சின்னதை எடுத்துக் காட்டுங்கள். அள்ளுவதற்கு ஒரே கரண்டியை வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

தேங்காய், மாங்காய் போட்ட சுண்டல் வெயிலில் நெடுநேரம் தாங்காது. காலையில் தாளித்து, மதியத்துக்குள் விற்றுத் தீர்ப்பதே நல்லது. பிற்பகல் விற்பனை என்றால் தேங்காயைத் தனியாக எடுத்துப் போய் அங்கே கலக்கலாம்.

மாலாடும் நெய்யும்

பொட்டுக்கடலை மாலாடு அடுப்பே தேவைப்படாத அளவுக்கு எளிது. நெய்யைச் சூடாக்கினால் போதும். பொட்டுக்கடலை அரைக் கிலோ, சர்க்கரை 400 கிராம், இரண்டையும் தனித்தனியே நைசாக அரைத்துச் சலித்து, 200 கிராம் நெய்யை உருக்கி ஊற்றிப் பிடிக்க வேண்டும். 25 கிராம் வீதம் 42 உருண்டை எதிர்பார்க்கலாம். ஆனால் அடக்கத்தைப் பாருங்கள். பொட்டுக்கடலை 60 ரூபாய், சர்க்கரை 18, ஏலக்காய் 5, காகிதம் 20 என்றால், நெய் மட்டும் கிலோ 700 வீதம் 140 ரூபாய். மொத்தம் 243 ரூபாயில் பாதிக்கு மேல் நெய்க்கே போகிறது. ஒன்றின் அடக்கம் 5 ரூபாய் 79 பைசா ஆகிறது. இதைக் கணக்குப் போடாமல் "கடலை உருண்டை அஞ்சு ரூபாய்தானே, இதுவும் அஞ்சு ரூபாய்" என்று விற்றவர்கள் நட்டத்தில்தான் முடிந்திருப்பார்கள். ஒன்று பத்து ரூபாய், அல்லது மூன்று இருபது ரூபாய் என்று விற்க வேண்டிய சரக்கு இது.

நெய்யைக் குறைக்க வழி கேட்பார்கள். குறைத்தால் உருண்டை பிடிக்க வராது. வனஸ்பதி கலந்தால் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். உருண்டையைச் சிறிதாக்குவதே நேர்மையான வழி.

பொரி உருண்டைக்கு ஒரே விதி: எட்டு டம்ளர் பொரிக்கு ஒரு டம்ளர் பொடித்த வெல்லம், கடலை உருண்டைக்குச் சொன்ன அதே பாகு. பார்வைக்குப் பெரியது, செலவு மிகக் குறைவு. பிள்ளைகள் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான். பொரி நமுத்திருந்தால் வெறும் வாணலியில் லேசாகப் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பும்.

சாயமும் பொட்டலமும்

"கலர் பொடி ஒரு பாக்கெட் போடுங்க" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள். ரோடமின் பி என்னும் துணிச் சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய் விற்பனையையே தடை செய்ததை அவர்களுக்கு நினைவுபடுத்தலாம். நாட்டுச் சர்க்கரை, கேழ்வரகு, எள் எல்லாம் தமக்கென்று நிறம் உள்ளவை.

பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பது நம் கடைகளில் பல தலைமுறைப் பழக்கம். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் உணவில் இறங்குவதால், 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகள் செய்தித்தாளில் உணவைச் சுற்றக் கூடாது என்று சொல்கின்றன. சூடான எண்ணெய்ப் பலகாரத்துக்கு அது இன்னும் ஆகாது. பிளாஸ்டிக் பைகள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகள், குவளைகள் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மிஞ்சுவன மந்தாரை இலை, வாழையிலை, தொன்னை, பாக்கு மட்டைத் தட்டு, அச்சில்லாத காகித உறை. இவற்றையும் கடையில் வைத்திருந்தால் ஒரே இடத்தில் எல்லாம் முடிந்தது. சரக்கை விட இவற்றில் நமக்கு நிற்பது அதிகம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

கடலை, எள், முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலருக்கு மூச்சு முட்டும் அளவுக்குப் போய்விடும். மேசை மேல் "இதில் நிலக்கடலை உள்ளது" என்று பெரிய எழுத்தில் ஒரு அட்டை வைக்கச் சொல்வது நம் கடமை.

சட்டம் பற்றியும் இரண்டு வார்த்தை. பள்ளிப் பிள்ளைகளுக்கான உணவு பற்றிய 2020ஆம் ஆண்டு விதிகள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி உணவகத்திலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது என்கின்றன. எனவே என்னென்ன கொண்டுவரலாம் என்று பள்ளியில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. மகளிர் குழுவினர் ஒரு நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்து செய்து விற்கத் தொடங்கினால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. 2011இல் விதிகள் வந்தபோது சிறு தயாரிப்பாளர்களுக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தார்கள். இன்றைய கட்டணத்தையும் விற்றுமுதல் வரம்பையும் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

ஒவ்வொரு பலகாரத்துக்கும் அளவும் செய்முறையும் எழுதிய சிறு சீட்டு, ஒரு பக்கம் போதும், நூறு படி எடுத்துக் கல்லாவில் வையுங்கள். சீட்டின் அடியில் அடக்கக் கணக்குக்குக் கட்டம் போட்டு விலையை மட்டும் காலியாக விடுங்கள். அன்றைய விலையை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். "கடலை உருண்டைச் சாமான்" என்று முன்கூட்டியே கட்டி வைக்க ஆசை வரும். அப்படிக் கட்டி வைத்தால் எடையளவுச் சட்டத்தின் பொட்டலப் பொருள் விதிகள் குறுக்கே வரும். எடை, விலை, தேதி, முகவரி எல்லாம் அச்சிட வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் கண்ணெதிரே எடை போட்டுக் கொடுப்பதே சுலபம்.

ஒரு சந்தைக்கு ஒரே வகுப்பிலிருந்து பத்துத் தாய்மார்கள் வருவார்கள். பத்துப் பேருக்கும் கடலை உருண்டையே சொல்லிவிட்டால் பத்து மேசையிலும் அதுவே இருந்து, பாதி திரும்பி வரும். யாருக்கு எது சொன்னோம் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்து வருபவருக்கு எள்ளுருண்டையையும் சுண்டலையும் மாற்றிச் சொல்லுங்கள். முதல் முறை செய்பவர் இரண்டு கிலோ கேட்டால் ஒரு கிலோவே போதும் என்று சொல்லுங்கள். பிரிக்காத சர்க்கரை, நெய் பாக்கெட்டுகளை மூன்று நாளுக்குள் கொண்டு வந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் சொல்லலாம். எடை போட்ட கடலையையும் வெல்லத்தையும் மட்டும் திருப்பி வாங்க வேண்டாம். அவை எந்த வீட்டில், எந்த ஈரத்தில் இருந்தன என்று நமக்குத் தெரியாது.